பதினோரு மணிக்குக் கொடியசைத்தால் யார் வருவார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடையில் நம் குமரி மாவட்டத்தில் நடக்கும் பைக் பேரணிகளுக்கு ஆள் சேருவதில்லை என்று அமைப்பாளர்கள் குறைப்படுகிறார்கள். தலைக்கவச விழிப்புணர்வு, போதை ஒழிப்பு, கட்சி, மன்றம் எதுவானாலும் பல்லவி ஒன்றுதான்: "இந்தக் காலத்துப் பயல்களுக்கு ஆர்வம் இல்லை." தக்கலைப் பக்கம் பைக் பட்டறை வைத்திருக்கிறேன். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை என்று என்னால் சொல்ல முடியும். பேரணிக்கு முந்தின நாள் செயின் இறுக்கி, பிரேக் பார்த்து, வண்டியைக் கழுவிக்கொண்டு போகிற பையன்கள், மறுநாள் டீக்கடையோடு நின்றுவிடுகிறார்கள். கேட்டால், "அந்த வெயில்ல யாருண்ணே ரெண்டு மணி நேரம் காத்துக் கிடப்பா?" என்கிறார்கள்.

நியாயம்தானே! நோட்டீஸில் காலை 9 மணி என்று இருக்கும். சிறப்பு விருந்தினர் வந்து, வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து கொடியசைக்கும்போது 11 தாண்டிவிடும். மைதானத்தில் நிழல் மேடைக்கு மட்டும்தான். கறுப்பு சீட்டில் கை வைக்க முடியாமல் துவர்த்தை (துண்டை) நனைத்து விரித்திருப்பார்கள். தலைக்கவசப் பேரணி என்று பேனர் கட்டியிருக்கும். தலைக்கவசங்களோ கண்ணாடிகளில் தொங்கும். அந்தக் கோலத்தையே போட்டோ எடுத்து உங்களைப் போன்ற பத்திரிகைகளுக்கும் அனுப்பிவைப்பார்கள்.

கிளம்பிய பிறகும் விமோசனம் இல்லை. நம் வண்டிகளில் பெரும்பாலானவை காற்றுப்பட்டே குளிரும் என்ஜின் கொண்டவை. ஓட்டம் இருந்தால்தான் சூடு இறங்கும். பேரணியிலோ நடைவேகம். கிளட்சைப் பாதி பிடித்தபடி ஊர்ந்தால் என்ஜின் கொதிக்கும், முழங்காலுக்குக் கீழே அனல் அடிக்கும், கிளட்ச் பிளேட் தீய்ந்த வாடை வரும். அந்த வாரம் எனக்குக் கிளட்ச் வேலை நிறைய வரும் என்பது வேறு விஷயம்.

திருநெல்வேலிக்காரர்களிடம் நம்ம ஊர் வெயிலைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். பாளையங்கோட்டையில் 40 டிகிரி அடிக்கும் நாளில் நாகர்கோவிலில் 35 கூட இருக்காது. ஆனால் நமக்குக் கடல் பக்கம். காற்றில் ஈரம் அதிகம், அதனால் வியர்வை காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். வண்டி 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அடிக்கிற காற்று அந்த வேலையைச் செய்துவிடும். நிற்கிற வண்டியில், தலைக்கவசத்துக்குள், அதற்கு வழியே கிடையாது.

வெளியூர்க் கதையையும் பார்ப்போம். அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்து ஸ்டர்ஜிஸ் என்ற சிற்றூரில் 1938-இல் தொடங்கிய பைக் திருவிழா ஆகஸ்டில்தான் நடக்கிறது. அங்கே அது நல்ல கோடை. ஆனாலும் 2015-இல் 75-ஆவது விழாவுக்கு 7 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அங்கே யாரும் மேடைக்கு முன்னால் வரிசைகட்டிக் காத்திருப்பதில்லை. அவரவர் சௌகரியப்பட்ட நேரத்தில் மலைப்பாதையில் ஓட்டிவிட்டு வருகிறார்கள். நம்மைப் போலவே கடலோரமான கோவாவில் 2013-இல் தொடங்கிய இந்தியா பைக் வீக் என்ற பைக் திருவிழா வெயில் மாதங்களின் பக்கமே போவதில்லை.

நமக்கு எந்த மாதம் தோது? ஜூனில் சாரல் தொடங்கிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் பக்கக் காற்று ஆளோடு வண்டியைத் தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. அடுத்து ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் கன்னியாகுமரி சாலையில் சைக்கிள்கூட நுழையாது. தை, மாசிதான் நல்ல காலம். சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளை அரசே ஜனவரியில்தான் நடத்துகிறது.

பள்ளி, கல்லூரி விடுமுறை என்பதால் மே மாதம்தான் முடியும் என்பவர்கள் நேரத்தையாவது மாற்றலாம். ஞாயிறு காலை பாதிப் பேர் ஆலயத்துக்குப் போய்விடுவார்கள்; வழிபாடு முடிந்து வரட்டும் என்றுதான் பேரணியையும் உச்சிவெயிலுக்குத் தள்ளுகிறார்கள். சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கிளம்பினால் 8 மணிக்குள் முடித்துவிடலாம். ஞாயிறுதான் வேண்டும் என்றால் மாலை 4.30-க்குக் கிளம்பி, இருட்டும் முன் முட்டம் கடற்கரையில் முடிக்கட்டும். வழியையும் யோசிக்க வேண்டும். நாகர்கோவில் - கன்னியாகுமரி சாலையையே எதற்குப் பிடித்துத் தொங்குகிறார்களோ தெரியவில்லை. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில், மே மாதத்தில் ரப்பர் மரங்கள் தழைத்துச் சாலைக்கே கூரை போட்டதுபோல் இருக்கும்.

பேரணிக்குக் காவல்துறை அனுமதி வாங்கும்போது நேரத்தையும் எழுதிக் கொடுக்கத்தானே வேண்டும்? ஏப்ரல், மே மாதங்களில் காலை 9 மணிக்கு மேல், மாலை 4 மணிக்கு முன் எந்தப் பைக் பேரணிக்கும் அனுமதி இல்லை என்று மாவட்ட நிர்வாகம் ஒரு உத்தரவு போட வேண்டும். உரைகளை ஓட்டம் முடிந்த இடத்தில், மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். கேட்க விரும்புகிறவர்கள் நின்று கேட்பார்கள்.

இப்படிக்கு,
பைக் பட்டறைக்காரர் ஒருவர்,
தக்கலை.