தனி ஆவர்த்தனத்தை நீட்டியவருக்கு

நான் வயலின் பக்கவாத்தியம் வாசித்த மதியக் கச்சேரி நல்லபடியாக முடிந்தது. என் தோளுக்கு என்ன ஆயிற்று, ஏன் இத்தனை நாள் மேடைப் பக்கமே வரவில்லை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுதப் போவதில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் மிருதங்க வித்வானுக்கு. பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் சார் என்றே எழுதுகிறேன்.

வர்ணத்திலிருந்து கல்யாணி ஆலாபனை வரை வில் சொன்னபடி கேட்டது. பாடகியும் நானும் மாறி மாறி ஸ்வரம் போடும் கல்பனாஸ்வரத்தில், அதுவும் சுற்றுகள் சுருங்கிக்கொண்டே போகும் குறைப்பு நெருங்க நெருங்க, தோள் கனக்க ஆரம்பித்தது. பக்கவாத்தியக்காரர் அந்த இடத்தில் 'கொஞ்சம் இருங்கள்' என்று சொல்ல முடியாது. பாடகி பாடி நிறுத்தினால் அடுத்தது நம்முடையது, அவ்வளவுதான். எப்படியோ முடிவுக் கோர்வையைச் சேர்ந்து வாசித்து, மிருதங்கம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு விட்டோம். அதற்கப்புறமும் துக்கடா என்கிற சின்ன உருப்படிகள், தில்லானா, மங்களம் எல்லாம் பாக்கி இருந்தன.

வயலினை மடியில் வைத்துக்கொண்டு தாளம் போட்டேன். என் வலது கை தொடையில் விழுகிற விதத்தைச் சார் கவனித்துவிட்டார். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். தாளத்தைப் பாடகி அக்கா பார்த்துக்கொண்டார்.

இரண்டு களை ஆதி தாளம். மதிய நேரத்துத் தனி பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். தனி முடியப் போவதைக் காட்டும் மோஹரா வரப்போகிறது என்று நினைத்து வில்லை எடுத்தேன். சார் மோஹராவுக்குப் போகவில்லை, மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடைக்குத் திரும்பினார். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும்படி வாசித்தார். சபையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நேரத்தை ஓட்டுவதற்காக வாசித்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அந்தக் கீர்த்தனைக்கு அந்த நடை அப்படிப் பொருந்தியது. கேட்டவர்களுக்கு அருமையான தனி கிடைத்தது. எனக்கு மூச்சு வந்தது.

மங்களம் முடிந்து மிருதங்கத்தை உறையில் போட்டுக்கொண்டே, "கை ஆறிச்சா?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்: ஆறியது சார்.

அந்த நேரத்துக்கு ஈடாக ஒரு துக்கடாவையே விட்டுக்கொடுத்த பாடகி அக்காவுக்கும் நன்றி. கேட்காமலே மைக்கை என் வயலினுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்த அண்ணனுக்கும். மைக் இல்லாத நாட்களில் மைசூர் சௌடையா, நாதம் எட்ட வேண்டும் என்பதற்காகவே 7 தந்தி கட்டிய வயலினை வாசித்தார். பழைய அழுத்தம் இன்னும் திரும்பாத என் வில்லுக்கு அந்த அண்ணன் செய்தது பெரிய உபகாரம். மறுபடி ஆரம்பப் பாடமான சரளி வரிசையிலிருந்து, மெதுவான முதல் காலத்திலேயே வாசிக்க வைத்த குருவுக்கு, பொறுமையாகப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்டுக்கு, எனக்குப் பதிலாகப் போய் வாசித்துவிட்டு 'இது அவளுடைய இடம்' என்று சபாவில் சொல்லி வைத்த தோழிக்கு, என்னை மறக்காமல் கூப்பிட்ட சபாக்காரர்களுக்கு, எல்லோருக்கும் என் நமஸ்காரம்.

ஆரம்பத்தில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் வலி என்று வெளியே சொல்லவே பயப்படுவோம். சொன்னால் அடுத்த கச்சேரிக்கு வேறு ஆளைப் பார்த்துவிடுவார்களோ என்கிற பயம். அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இனி என்னைவிடச் சின்னவர்கள் யாரோடு மேடை ஏறினாலும், ஸ்ருதி சேர்ப்பதற்கு முன்னாலேயே "கை எப்படி இருக்கு?" என்று நானே கேட்டுவிடுவேன்.

அடுத்த கச்சேரி தை பிறந்த பிறகுதான். அதுவரை தினமும் சாதகம் உண்டு, பிசியோ குறித்துக் கொடுத்த நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது.