பெட்டைகளுக்கு இன்னும் இரண்டு மாதம் கொடு

பெரியபட்டினம்,
ஆனி மாதம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மருமகள் சோவியத் சின்சில்லா இனத்தில் மூன்று பெட்டை முயல்களும் ஓர் ஆண் முயலும் வாங்கி, தொண்டி வீட்டுக் கொல்லையில் பனையோலைக் கொட்டகை போட்டிருக்கிறாள் என்று படித்து மகிழ்ந்தேன். ஆனால் நான்கு மாதப் பெட்டை கூண்டுக்குள் நிலைகொள்ளாமல் தவிக்கிறது, இணை சேர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தாயே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. வேண்டாம், இன்னும் இரண்டு மாதமாவது பொறுங்கள்.

முயல் பிறக்கும்போது மயிரின்றிக் கண்மூடி 50, 60 கிராம்தான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறந்து, மூன்று வாரத்தில் ஈனும் பெட்டியை விட்டு வெளியே வந்து, ஆறு வாரத்துக்குள் பாலும் மறந்துவிடும். இந்த வேகம்தான் நம்மை ஏமாற்றுகிறது. நான்கு மாதத்தில் அது பார்வைக்குப் பெரிய முயல், பருவம்கூட வந்திருக்கலாம். ஆனால் எலும்பும் சதையும் வளர்ந்து முடிந்திருக்காது. அந்த நேரத்தில் சினைப்பட்டால், தின்கிற வேலிமசால் தழையும் அடர்தீவனமும் தன் வளர்ச்சிக்கும் வயிற்றுக் குட்டிகளுக்குமாகப் பங்குபோய், இரண்டுக்கும் போதாமல் போகும். சிறிய இனங்கள் ஐந்து மாதத்தில் தயாராகலாம். சின்சில்லா போன்ற கனத்த இனத்துக்கு ஆறு மாதம் நிறைய வேண்டும், ஆணுக்கு இன்னும் ஒரு மாதம் கூடுதலாக.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். விற்றவர் நான்கு மாதம் போதும் என்றார். நானும் நம்பி, முதல் பெட்டையை நாலரை மாதத்தில் சேர்த்தேன். முப்பத்தோராம் நாள் ஆறு குட்டிகள் ஈன்றது. மயிர் பிடுங்கிப் படுக்கை அமைக்கவில்லை, பெட்டிக்குள்ளும் போடவில்லை, வெறும் கம்பி வலைமேல் ஈன்றுவிட்டது. விடியும்போது நான்கு குளிர்ந்து கிடந்தன. மற்ற இரண்டும் பால் கிடைக்காமல் மூன்றாம் நாள் போயின. தாய் தேறுவதற்கு வெகுநாள் ஆயிற்று. அந்தக் காலையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

வயதை மட்டும் நம்பாதே, எடையும் பார். அந்த இனத்தின் முழு எடை 4 கிலோ என்றால், பெட்டை 3 கிலோவைத் தொட்டிருக்க வேண்டும். மீன் எடைபோடும் தராசே போதும், கூடையில் உட்காரவைத்து நிறுத்துவிடலாம்.

ஆணை உடனே தனிக் கூண்டில் வை. ஆடு மாடு போல இதற்குக் குறிப்பிட்ட நாளில் கருமுட்டை வெளிவருவதில்லை. இணை சேர்ந்து பத்து மணி நேரத்துக்குப் பிறகே வெளிவரும், ஆகவே ஒரு நிமிடக் கவனக்குறைவும் சினையாகிவிடும். பெட்டைகளையும் ஒன்றாக அடைக்க வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலே, குட்டி தரிக்காமலே சினைபோல இருக்கும் பொய்ச்சினை பிடித்து, பதினைந்து நாளுக்குமேல் வீணாகும்.

கொடைக்கானல் மலையில் மன்னவனூர் அரசு ஆராய்ச்சி மையத்தில் வளரும் முயல்களுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி நம் கரைக்கு இல்லை. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். வெப்பம் 30 டிகிரிக்குமேல் தொடர்ந்தால் ஆணின் விந்து கெட்டு, தேறுவதற்கு இரண்டு மாதம்வரை ஆகலாம். அதனால் சித்திரை, வைகாசியில் நான் சேர்ப்பதே இல்லை. ஆவணியில் உன் பெட்டைகளுக்கு ஆறு மாதம் நிறையும், கோடைச் சூடும் தணிந்திருக்கும். அந்திப்பொழுதில், பெட்டையை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள், ஆணைப் பெட்டையின் கூண்டில் விட்டால் பெட்டை கடித்துவிடும். குட்டிகள் வருவதற்குள் கொட்டகையின் கடல் பக்கம் கீற்று மறைப்பு கட்டச் சொல், ஐப்பசி மழை அங்கிருந்துதான் அடிக்கும்.

ஈன்ற மறுநாளே மறுபடி சினைப்படுத்தலாம் என்று யாராவது சொல்வார்கள். முயலால் முடியும் என்பது உண்மை, அதற்காகச் செய்யக் கூடாது. பால் மறந்து, உடல் தேறிய பிறகு சேர்த்தால் ஆண்டுக்கு நான்கு ஈற்று வரும். மருமகளின் கொட்டகைக்கு அது போதும்.

ஆவணி பிறந்ததும் மூன்றின் எடையையும் எழுது. 3 கிலோ தொடாததை மட்டும் புரட்டாசிவரை விட்டுவிடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்