நம்ம ஊரு குழந்தைங்க சொந்தமா நாலு வரி இங்கிலீசு எழுதோணும்: சாயங்கால வகுப்புக்கு நன்கொடை வேண்டுகோள்

ஊருல இருக்கற பெரியவங்க, திருப்பூரு, கோயமுத்தூரு, பெங்களூருன்னு வேலைக்கு போன தம்பிங்க, கட்டிக்கொடுத்து வேற ஊருக்கு போன அக்கா தங்கச்சிங்க எல்லாருக்கும் இந்த வகுப்ப நடத்தற ஊர் கமிட்டி சார்பா வணக்கமுங்க. விசயத்த நேரா சொல்லிடறோம். நம்ம ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளி குழந்தைங்களுக்கு தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் இங்கிலீசு படிக்கவும் எழுதவும் சொல்லித்தர ஒரு வகுப்பு ஆரம்பிக்கறோம். ஜூலைல இருந்து ஏப்ரல் வரைக்கும் பத்து மாசம். அதுக்கு 1,64,000 ரூபா ஆகுது, கைல 46,000 சேர்ந்திருக்குது, இன்னும் 1,18,000 வேணுமுங்க.

ஏனுங்க, பள்ளிக்கூடத்துல சொல்லித்தர்றதில்லையா, தனியா எதுக்கு வகுப்புன்னு நிறைய பேரு கேட்டீங்க. சொல்லித்தர்றாங்க, நல்லாவே சொல்லித்தர்றாங்க. ஆனா கணக்க பாருங்க. 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைங்க வரைக்கும் இருக்கற தொடக்கப்பள்ளிக்கு ரெண்டு டீச்சருதான். நம்ம பள்ளிக்கூடத்துல 54 பேரு. அஞ்சு வகுப்பு, தமிழு, இங்கிலீசு, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாத்தையும் அந்த ரெண்டு பேருதான் பாக்கோணும், அதுபோக எமிஸ்னு கல்வித்துறை வெப்சைட்டுல விவரம் பதியறது, மீட்டிங்கு, பயிற்சின்னு அலையறதும் அவங்கதான். 2022ல எண்ணும் எழுத்தும்னு அரசு திட்டம் வந்ததுக்கு அப்புறம் அரும்பு, மொட்டு, மலர்னு குழந்தைய நிலை பாத்து பிரிச்சு சொல்லித்தர்றது எவ்வளவோ தேவலைங்க, படிக்கறதுல நல்ல முன்னேற்றம் தெரியுது. ஆனா ஒவ்வொரு குழந்தையும் சொந்தமா எழுதினத தினமும் உக்காந்து படிச்சு திருத்தறதுக்கு அந்த ரெண்டு பேருக்கு எங்கிருந்து நேரம் வரும்? நாங்க கேக்கறது அந்த வேலைக்குத்தான்.

மே லீவுல சமுதாயக் கூடத்துல காலை நேரமா ஒரு சோதனை வகுப்பு நடத்திப் பாத்தோம். மொத நாளு குழந்தைங்க நோட்ட எல்லாம் வாங்கிப் பாத்தப்ப எங்களுக்கே பெருமையா இருந்துச்சுங்க. அதுல நாலாவது முடிச்ச பையன் ஒருத்தன் நோட்டு, நாலுகோடு நோட்டுல முத்து முத்தா கையெழுத்து, 'மை ஸ்கூல்'னு தலைப்பு போட்டு பத்து வரி, அடியில ஸ்கேல் வெச்சு கோடு. சரி சாமி, உங்க ஊட்டு கன்னுக்குட்டிய பத்தி ரெண்டு வரி எழுதுன்னு டீச்சர் சொன்னாங்க. அவ்வளவுதான், பென்சில கடிச்சுக்கிட்டு பேசாம உக்காந்துட்டான். அதே பையன்கிட்ட வாயில கேட்டா செவலைக் கன்னு, நெத்தில வெள்ளை, பால் குடிக்கறப்ப மடிய முட்டி முட்டி இடிக்கும், அவுத்து விட்டா தெக்கால காட்டுக்கு ஓடிரும்னு மூச்சு விடாம சொல்றான். பேப்பர்ல ஒரு வார்த்தை வரலீங்க. அந்த பத்து வரி போர்டுல இருந்து பாத்து எழுதினது. கையெழுத்து நல்லா இருந்தா எழுத தெரியுதுன்னு நாம நெனச்சுக்கறோம், பாத்து எழுதறது வேற, சொந்தமா எழுதறது வேறங்க. ஆறாவதுக்கு பெரிய பள்ளிக்கூடம் போறப்ப அங்க கேள்விக்கு சொந்தமா பதில் எழுதச் சொல்லுவாங்க, இந்தக் குழந்தைங்க மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சுடும், பொறவு பன்னெண்டு வரைக்கும் மனப்பாடம்தான்.

சோதனை வகுப்பு முடியறப்ப அதே பையன் எழுதினது இது: 'திஸ் இஸ் மை காஃப். இட் இஸ் ரெட். இட் ட்ரிங்க் மில்க்.' மூணாவது வரில ஒரு எஸ் விட்டுப்போச்சு. டீச்சர் சிவப்பு பேனா எடுக்கல. கன்னு ஒன்னா ரெண்டா கண்ணுன்னு கேட்டாங்க. ஒன்னுங்க டீச்சர்ன்னான். ஒன்னுன்னா ட்ரிங்குக்கு பின்னாடி என்ன வரும்? அவனே எஸ் போட்டான். அடுத்த நாளு யாரும் சொல்லாம 'இட் ரன்ஸ் டு தி ஃபீல்ட்'னு எழுதிக்கிட்டு வந்தான். தெக்கால காட்டுக்கு ஓடுற கன்னு நோட்டுக்குள்ள வந்துருச்சுங்க. அந்த நோட்டு இப்ப கமிட்டி கைல இருக்குது, யாரு வேணாலும் வந்து பாக்கலாம்.

நம்ம குழந்தைங்களுக்கு எங்க எங்க தட்டுதுன்னு அந்த வகுப்புல நல்லா தெரிஞ்சுது. தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்துன்னு கிடையாது, அதனால பேருக்கு கேப்பிடல் போடறது, வரி ஆரம்பிக்கறப்ப போடறது, 'ஐ'ய எங்க வந்தாலும் கேப்பிடல்ல போடறது எல்லாமே புதுசு. நாம என் பேரு கவின்னு சொன்னா முடிஞ்சுது, இங்கிலீசுல நடுவுல ஒரு 'இஸ்' வேணும், அத விட்டுட்டு 'மை நேம் கவின்'னு எழுதறாங்க. வினைச்சொல் நமக்கு கடைசில வரும் அவங்களுக்கு நடுவுல வரும், அதனால 'ஐ மேங்கோ ஈட்'. ஊட்டுக்கு, ஊட்டுல, ஊட்டுல இருந்துன்னு நாம பின்னாடி ஒட்டறத அங்க டு, இன், ஃப்ரம்னு முன்னாடி தனியா வெக்கோணும். ஏ, ஏன், தி இந்த மூணும் பெரியவங்களுக்கே தகராறு. இதெல்லாம் புத்தி கொறவால வர்ற தப்பு இல்லீங்க, தமிழ் நல்லா தெரிஞ்ச குழந்தை தமிழ்ல யோசிச்சு எழுதறதால வர்ற தப்பு. அத அந்தக் குழந்தைக்கு தமிழ்லயே பொறுமையா சொல்லிக் காட்டினா ஒரே வாரத்துல புடிச்சுக்குது. தறிக்குடோனு லைன் வீட்டுல இருக்கற ஒடிசா, பீகார் குடும்பத்து குழந்தைங்களும் இதே வகுப்புல உக்காருதுங்க, அவங்க பாஷையிலயும் வினை கடைசிலதான், அதனால அவங்களுக்கும் இதே எடத்துலதான் தட்டுது. இப்ப அதுங்க நம்ம குழந்தைங்களவிட நல்லா கொங்குத் தமிழ் பேசுதுங்கறது தனிக் கதை.

சின்ன வகுப்புக்கு, அதாவது ஒன்னாவது ரெண்டாவதுக்கு, இலக்கணமெல்லாம் கிடையாது. மொதல்ல சத்தம். ஏ ஃபார் ஆப்பிள்னு வரிசையா 26 எழுத்தையும் பாடம் பண்ணிட்டு ஒரு வார்த்தையக்கூட படிக்கத் தெரியாம இருக்கறது நாம பாக்கறதுதானே. அதனால எஸ், ஏ, டி, ஐ, பி, என் (s, a, t, i, p, n) இந்த ஆறு எழுத்தோட சத்தத்துல ஆரம்பிக்கறோம். இந்த ஆறு வெச்சே சிட், பின், டின், டேப், நேப்புன்னு குழந்தை தானே கூட்டிப் படிச்சிரும். தமிழ்ல ப ஒரு எழுத்தே ரெண்டு சத்தத்துக்கும் வருது, இங்கிலீசுல அதுக்கு ரெண்டு எழுத்து (p, b), அதுல கொழப்பம் வரும், சின்ன எழுத்து பியும் டியும் (b, d) திருப்பி எழுதறதும் வரும், ஏழு வயசு வரைக்கும் அது சகஜமுங்க, அதுக்கு குழந்தைய யாரும் மெரட்ட வேண்டாம்னு பெத்தவங்களுக்கு இங்கயே சொல்லிக்கறோம்.

மூணாவதுக்கு மேல இருக்கறவங்களுக்கு தினமும் டைரி. அன்னிக்கு நடந்தது மூணு வரி, போகப்போக அஞ்சு வரி. அமுச்சி வந்தாங்க, கரண்ட் போச்சு, மாரியாத்தா கோயில் பொங்கலுக்கு புதுத்துணி எடுத்தோம், எதுவா வேணாலும் இருக்கட்டும். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு விசயத்த மட்டும் திருத்தறது. மொத வாரம் கேப்பிடலும் முற்றுப்புள்ளியும் மட்டும். அடுத்தது ஆம், இஸ், ஆர். பொறவு ஒருமை பன்மை, அந்த எஸ், வாஸ், வேர்னு நேத்து நடந்தத எழுதறதுன்னு போகும். எல்லாத் தப்பையும் ஒரே நாள்ல சிவப்புல சுழிச்சா குழந்தை மறுக்கா பென்சில எடுக்காது. எழுதினத டீச்சர் அன்னிக்கே படிச்சு அடியில ஒரு வரி பதில் எழுதோணும். இதுதான் முக்கியம், தான் எழுதினத ஒருத்தரு நெசமாலுமே படிக்கறாங்கன்னு தெரிஞ்சா குழந்தை எழுதும்.

ஒரு டீச்சர் ஒரு சாயங்காலத்துல 30 நோட்டு பாக்கறதே அதிகம். பள்ளிக்கூடத்துல 54 பேரு, அதுபோக இந்த வருசம் ஆறாவது போன 6 பேரு, அவங்களுக்குத்தான் ரொம்ப அவசரம், ஆக 60. அதனாலதான் ரெண்டு டீச்சர் போடறோம். ரெண்டு பேரும் நம்ம ஊருக்கே வாக்கப்பட்டு வந்த பொண்ணுங்க, ஒருத்தரு பி.எட். முடிச்சவரு, இன்னொருத்தரு கொரோனாவுக்கு பொறவு 2021ல இல்லம் தேடிக் கல்வின்னு அரசு திட்டம் வந்தப்ப மாசம் ஆயிரம் ரூபாய்க்கு தன்னார்வலரா இருந்து நம்ம குழந்தைங்கள மறுபடி படிப்புக்கு திருப்புனவரு. ஆளுக்கு மாசம் 6,000, பத்து மாசத்துக்கு 1,20,000. மொத்தத்துல முக்காவாசி இதுக்கே போயிருது. மிச்சம் 44,000ல நாலுகோடு நோட்டு பென்சிலுக்கு 10,000, படிக்கறதுக்கு சின்னச் சின்ன கதைப் புஸ்தகம் 15,000, கீழ உக்கார நாலு பவானி ஜமுக்காளம் 6,000, போர்டு 5,000, லைட்டும் ரெண்டு ஃபேனும் 8,000.

இங்க ஒரு விசயத்த மனசு விட்டு சொல்லோணும். நம்மூர்ல ஃபேன் வேணும், பீரோ வேணும்னா ஒரே நாள்ல வந்துரும், கோயிலுக்கு டியூப் லைட் வேணும்னா நாலு பேரு போட்டி போட்டுக் குடுப்பாங்க, மனசு பெருசு நம்ம சனத்துக்கு. ஃபேன் றெக்கைல உபயம்னு பேரு எழுதலாம். டீச்சர் சம்பளத்து மேல எங்க பேரு எழுதறது? அதனாலதான் சில ஊர்ல பெரிய டிவி வாங்கி மாட்டிட்டு, சொல்லிக்குடுக்க ஆளில்லாம மூடி வெச்சிருக்காங்க. ஸ்மார்ட் போர்டு வாங்கித் தர்றேன்னு ரெண்டு பேரு கேட்டாங்க, அவங்களுக்கு ரொம்ப நன்றிங்க, ஆனா குழந்தை எழுதின தப்ப எந்த போர்டும் பக்கத்துல உக்காந்து கேக்காது. அந்தக் காச டீச்சர் சம்பளமா குடுங்கன்னுதான் கையெடுத்துக் கேட்டுக்கறோம். ஒரு டீச்சரோட ஒரு மாசம் 6,000. ஒரு குழந்தைக்கு வருசம் பூரா எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,750. முடிஞ்சவங்க ஒரு மாசத்த எடுத்துக்கங்க, முடியாதவங்க நூறோ ஐநூறோ எதுவானாலும் சரி.

இங்கிலீசு இங்கிலீசுன்னு தமிழ விட்டுருவாங்களோன்னு பெரியவங்க சில பேரு வருத்தப்பட்டாங்க. அந்த பயம் வேண்டாமுங்க, தமிழ் நல்லா வாசிக்கற குழந்தைதான் இங்கிலீசும் சீக்கிரமா புடிக்குது, அத கண்ணால பாத்துட்டோம், அதனால புஸ்தகத்துல பாதி தமிழ்க் கதைப் புஸ்தகந்தான் வாங்கறோம். இன்னொரு பக்கம், இவ்வளவு எதுக்கு, எல்லாரையும் வேன்ல ஏத்தி மெட்ரிக் ஸ்கூலுக்கு அனுப்பிறலாமேன்னு கேக்கறாங்க. கடன ஒடன வாங்கி அனுப்பறவங்கள நாங்க கொறை சொல்லல, பெத்த மனசு அப்படித்தான். ஆனா மருத்துவப் படிப்புல அரசுப்பள்ளி பிள்ளைங்களுக்குன்னே 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு 2020ல வந்துச்சு, அடுத்த வருசமே இன்ஜினியரிங் மாதிரி படிப்புக்கும் வந்துச்சு. சீட்டு கிடைச்சு உள்ள போனா அங்க புஸ்தகம் பெரும்பாலும் இங்கிலீசுலதான் இருக்குது. அவ்வளவு தூரம் கூட போக வேண்டாம், இங்க திருப்பூர்ல பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர் வேலைக்கு போறவங்கள கேளுங்க, பையருக்கு, அதாவது சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரருக்கு, நாலு வரி மெயில் தெளிவா எழுதத் தெரிஞ்சவனுக்கும் தெரியாதவனுக்கும் சம்பளத்துல என்ன வித்தியாசம்னு. தென்னம்புள்ளைக்கு வெச்ச மொத மூணு வருசம் தண்ணி கட்டாம விட்டுட்டு பொறவு எவ்வளவு ஊத்தினாலும் அது தேறாதுங்க, அதனாலதான் பத்தாவது பன்னெண்டாவதுக்கு டியூசன் வெக்காம இந்த பொடுசுங்ககிட்ட ஆரம்பிக்கறோம்.

பணம் விசயம். பேங்க் அக்கவுண்ட் தலைவர், பொருளாளர், மகளிர் குழு அக்கா மூணு பேரு பேர்லயும் இருக்குது, ரெண்டு பேரு கையெழுத்து இல்லாம ஒரு ரூபா எடுக்க முடியாது. மாசம் பொறந்தா அஞ்சு தேதிக்குள்ள வரவு செலவ பால் சொசைட்டி போர்டுல ஒட்டிருவோம், வாட்ஸ்அப் குரூப்புலயும் போட்டுருவோம். ரொக்கமா குடுக்கறவங்க ரசீது வாங்காம போகாதீங்க. நாங்க பதிவு பண்ணின டிரஸ்ட் இல்லீங்க, அதனால 80ஜி வரிச்சலுகை கிடைக்காது, அத முன்னாடியே சொல்லிடறோம். வெளிநாட்டுல இருக்கறவங்க இந்திய பாஸ்போர்ட்டுதான் வெச்சிருக்கீங்கன்னா உங்க இந்திய பேங்க் அக்கவுண்ட்ல இருந்து தாராளமா அனுப்பலாம். அந்த நாட்டு குடியுரிமை வாங்கிட்டவங்ககிட்ட எங்களால வாங்க முடியாது, எஃப்சிஆர்ஏன்னு வெளிநாட்டு நன்கொடைக்கான சட்டம் அப்படி, தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க வேற வழில உதவலாம்.

காசு இல்லாம உதவறதுக்கும் நிறைய இருக்குது. சாயங்காலம் குழந்தைங்களுக்கு சுண்டலோ கடலையோ குடுக்கறது கணக்குல சேக்கல, பிறந்த நாளு, திதி, கல்யாண நாளுன்னு ஆளுக்கொரு நாள எடுத்துக்கிட்டா வருசம் ஓடிரும். வீட்டுல நல்ல நெலமைல இருக்கற சின்னக் குழந்தைங்க புஸ்தகம் இருந்தா குடுங்க, பழைய கைடு மட்டும் வேண்டாம். ஆபீசுல இங்கிலீசுலயே வேலை பாக்கற தம்பி தங்கச்சிங்க ஊருக்கு வர்றப்ப சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்து உக்காந்து குழந்தைங்க வாசிக்கறத கேட்டாலே போதும். பொங்கலுக்கு அப்புறம் நாலாவது அஞ்சாவது குழந்தைங்க வெளியூர்ல இருக்கற உங்களுக்கு சொந்தமா இங்கிலீசுல போஸ்ட் கார்டு எழுதப் போகுதுங்க. உங்க அட்ரஸ பொருளாளர்கிட்ட குடுத்து வைங்க, கார்டு வந்தா தயவு செஞ்சு பதில் போடுங்க, 50 பைசா கார்டுதான்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலைல 10 மணிக்கு சமுதாயக் கூடத்துல கூட்டம் வெச்சிருக்கோம். ரெண்டு டீச்சருங்களும் இருப்பாங்க, மே மாசத்து நோட்டு எல்லாம் பரப்பி வெச்சிருப்போம், ரசீது புஸ்தகமும் அங்கயே இருக்கும். அக்கவுண்ட் நம்பரும் ஜிபே நம்பரும் குரூப்புல மேல பின் பண்ணியிருக்குது, அனுப்பினதும் பேரு போட்டு ஒரு மெசேஜ் தட்டி விடுங்க. பேரு வெளில தெரிய வேண்டாம்னா அதையும் சொல்லிருங்க, கணக்குல ஊர் அன்பர்னு எழுதிக்கறோம்.