செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஏற்றுமதியாளர் நண்பர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஜிஎஸ்டி ரீஃபண்ட் மனுக்களின் நகல் இணைப்பில் உள்ளது. நான் அதிகம் பேச விரும்புவது, பையர் (வெளிநாட்டுக் கொள்முதலாளர்) அனுப்பும் ஒப்பந்தத்தில் நாம் படிக்காமலே கையெழுத்துப் போடும் நடுவர் மன்றப் பிரிவைப் பற்றித்தான். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல், எந்த ஊரில், எத்தனை தனி நடுவர்கள் தீர்ப்பது என்று சொல்லும் பிரிவு அது.

கரூரிலிருந்து நம் உறுப்பினர் ஒருவர் அனுப்பிய கிச்சன் டவல் கன்டெய்னருக்கு, சாயம் போகிறது என்று சொல்லி ஐரோப்பிய பையர் ஒருவர் பில்லில் பெருந்தொகையைப் பிடித்துக்கொண்டார். லேப் ரிப்போர்ட் நம்மவர் பக்கம். ஆனால் ஒப்பந்தத்தில் ‘லண்டன், மூன்று நடுவர்கள்’ என்று இருந்தது. நடுவர் கட்டணமும் வக்கீல் செலவும் பிடித்த பணத்தையே தாண்டும் என்று தெரிந்ததும் அவர் விட்டுவிட்டார். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அதற்காக நடுவர் மன்றமே வேண்டாம் என்று ஒதுங்கிவிட முடியாது. கரூர் கோர்ட்டில் வாங்கிய தீர்ப்பாணையை (டிக்ரி) ஜெர்மனியில் நிறைவேற்றுவது பெரும்பாடு. நடுவர் தீர்ப்புக்கோ, அதைப் பிற நாட்டு நீதிமன்றங்களும் ஏற்று நிறைவேற்ற வழிசெய்யும் 1958 நியூயார்க் உடன்படிக்கையின் பலம் உண்டு. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் 2021 கணக்கெடுப்பில், வெளிநாட்டு வணிகத் தகராறுக்கு 90 சதவீதம் பேர் தனியாகவோ சமரச வழிகளோடு சேர்த்தோ நடுவர் மன்றத்தையே விரும்பினார்கள். நடுவர் மன்றத்துக்கு விரும்பும் இடங்களில் லண்டனும் சிங்கப்பூரும் தலா 54 சதவீதம் பெற்று முதலிடம். ஆனால் அதில் பதில் சொன்னவர்களில் வக்கீல்களும் நடுவர்களுமே அதிகம். நம் அளவுக்கு எது தாங்கும் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

செயற்குழு சிங்கப்பூரைப் பரிந்துரைக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் அமலான சிங்கப்பூர் சர்வதேச நடுவர் மைய விதிகளில், பத்து லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேற்படாத தகராறுகளுக்குச் சுருக்க நடைமுறை வந்திருக்கிறது. ஒரே நடுவர், பெரும்பாலும் ஆவணங்களை வைத்தே விசாரணை, நடுவர் நியமனமாகி மூன்று மாதத்தில் தீர்ப்பு. நம் ஆர்டர்களில் அநேகம் இந்த வரம்புக்குள் வந்துவிடும். சிங்கப்பூர் என்று எழுதியதால் அங்கே போயாக வேண்டும் என்றில்லை. விசாரணை காணொலியிலும் நடக்கலாம். எந்த நாட்டு நீதிமன்றத்தின் மேற்பார்வை என்பதைத்தான் அந்த இடம் தீர்மானிக்கிறது.

‘லண்டன் அல்லது சிங்கப்பூர், பையர் விருப்பப்படி’ என்று வந்தால், லண்டனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பையர் கையில் இருக்கும் என்பதால், தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். மாதிரிப் பிரிவின் நகல் சங்க அலுவலகத்தில் உள்ளது. அடுத்த சீசன் ஆர்டருக்குக் கையெழுத்திடும் முன் உங்கள் ஒப்பந்தத்தையும் கொண்டுவாருங்கள். சட்ட ஆலோசகரிடம் காட்டித் தருகிறோம், கட்டணம் கிடையாது.