தறிக்கூடம் வாள்வீச்சுக் கூடமானது: திருப்பணி நிறைவு அறிக்கை

அம்மாப்பேட்டை, சேலம்.

அன்புள்ள உறுப்பினர்களுக்குக் குழுவின் வணக்கம்.

சென்ற ஆண்டு தை மாதப் பொதுக்கூட்டத்தில் நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த வேலை முடிந்துவிட்டது. தெருக்கோடியில் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த பொதுத் தறிக்கூடத்தில் இப்போது நம் பிள்ளைகள் வாள்வீச்சு (ஃபென்சிங்) பழகுகிறார்கள். வைகாசியிலிருந்து வாரத்துக்கு 3 நாள், மாலை 6 மணிக்குப் பயிற்சி. என்ன செய்தோம், எங்கே தவறினோம், உங்கள் பணம் எதற்குப் போனது என்பதையெல்லாம் இதில் எழுதியிருக்கிறோம்.

முதலில் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிக நாள் எடுத்ததும் அதுதான், மனதைச் சங்கடப்படுத்தியதும் அதுதான். கூடத்துக்குள் 9 குழித்தறிகள் இருந்தன. தறிகளைக் கழற்றி எடுத்த பிறகு அந்த 9 குழிகளும் வெறுமனே கிடந்தன. நம்மில் பாதிப் பேருடைய அப்பாவோ தாத்தாவோ அதில் காலைத் தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதித்து, வாழ்நாள் முழுக்க வெண்பட்டு நெய்தவர்கள். குழியை மூடும் நாளன்று பெரியவர்கள் சிலர் வந்து நின்றார்கள். ஒருவர் தான் உட்கார்ந்த குழியில் முதல் கூடை மண்ணைத் தன் கையாலேயே கொட்டினார். மேற்கு மூலைக் குழியை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார்கள். அது ஆடுகளத்துக்கு வெளியே இருந்ததால் சரி என்றோம். அதன் மேல் தேக்குப் பலகை மூடி போட்டிருக்கிறோம். பிள்ளைகள் கேட்டால் திறந்து காட்டுகிறோம்.

மற்ற 8 குழிகளில் நாங்கள் செய்த தவறையும் சொல்ல வேண்டும். மண்ணைக் கொட்டி, மேலே தண்ணீர் விட்டு, இரண்டு நாளிலேயே சிமெண்ட் போட்டுவிட்டோம். திமிசு போட்டு அடுக்கடுக்காக இடித்திருக்க வேண்டும். மேஸ்திரி அவசரப்பட்டார், நாங்களும் திருவிழாவுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று தலையாட்டினோம். ஐப்பசி மழையில் 3 இடத்தில் தரை உள்வாங்கியது. ஒரு விரல் அளவு பள்ளம்தானே, மேலே பூசிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். வாள்வீச்சில் பிள்ளைகள் எதிராளியின் வாளைப் பார்த்துக்கொண்டே பாய்வார்கள், காலடியைப் பார்க்க மாட்டார்கள். முன்காலை நீட்டிப் பாயும்போது அந்த ஒரு விரல் பள்ளமே கணுக்காலைத் திருப்பிவிடும். ஆகவே உடைத்தெடுத்து, கிராவல் போட்டு இடித்து, மறுபடியும் தரை போட்டோம். அதற்கு ஆன கூடுதல் செலவு 41,000 ரூபாய். இதைக் கணக்கில் தனியாகவே காட்டியிருக்கிறோம்.

கூடம் 18 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். வாள்வீச்சுக் களத்தின் நீளம் 14 மீட்டர், அகலம் ஒன்றரை முதல் 2 மீட்டர். இரு முனையிலும் பின்வாங்கி ஓட 2 மீட்டர் விட்டால் நீளம் அளந்து வைத்தாற்போல் பொருந்திவிட்டது. அகலத்தில்தான் வாக்குவாதம் வந்தது. நெருக்கிப் போட்டால் 3 களம் வரும், இன்னும் ஆறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் பழகலாம் என்பது ஒரு கட்சி. பக்கத்துக் களத்தில் இருப்பவரின் வாள் நுனி காத்திருக்கும் பிள்ளையின் முகத்துக்கு அருகே வரும் என்று பயிற்சியாளர் மறுத்தார். 2 களம்தான் போட்டோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறோம்.

கூரை, மின்விசிறி, விளக்கு, கழிப்பறை எல்லாம் முடிந்தன. அவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இத்தனை விளையாட்டு இருக்க ஏன் வாள்வீச்சு என்று புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்கள் கேட்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடந்தபோது நம் தெருப் பிள்ளைகள் ஒரே செல்போனைச் சுற்றி உட்கார்ந்து பவானி தேவியின் ஆட்டத்தைப் பார்த்தார்கள். ஒலிம்பிக் வாள்வீச்சுக் களத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவர். முதல் ஆட்டத்தில் 15-3 என்று வென்றார், அடுத்ததில் பிரான்சின் மனோன் ப்ரூனேயிடம் 7-15 என்று தோற்றார். சென்னையில் பள்ளி மாணவியாக இருந்தபோது மூங்கில் குச்சியை வைத்துப் பழகியவர். அதைக் கேட்ட அன்றே நம் பிள்ளைகள் உடைந்த தறிக்கட்டைகளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள். ஒருவன் கண்ணுக்கு ஒரு அங்குலம் கீழே காயம். தடுத்தால் நிற்கப் போவதில்லை, ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க இடம் வேண்டும் என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கியது.

இந்த விளையாட்டு ஏழை வீட்டுக்கு எட்டாமல் இருப்பதற்குக் காரணம் பயிற்சிக் கட்டணம் அல்ல, சாமான்தான். முகக்கவசம், ஜாக்கெட், அதற்குள்ளே அக்குளையும் விலாவையும் மூடும் காப்புச்சட்டை, பெண் பிள்ளைகளுக்கு மார்புக் கவசம், கையுறை, வாள். ஒரு தறிக்காரர் இதையெல்லாம் தன் பிள்ளைக்கு வாங்க முடியாது. வாங்கினாலும் பிள்ளை வளர்ந்து இரண்டு வருடத்தில் பத்தாமல் போய்விடும். அந்தக் காலத்தில் பாவு ஓட, அதாவது நெசவுக்கான நீள நூலை நீட்டிக் கட்ட, ஒவ்வொரு வீட்டிலும் இடமா இருந்தது? தெருவில்தான் எல்லாருக்கும் பொதுவாகப் பாவு ஓடியது. அதேபோல் சாமான் எல்லாம் கூடத்துக்குச் சொந்தம் என்று முடிவெடுத்தோம். பிள்ளை ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூவும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்தால் போதும். மாதக் கட்டணம் 150 ரூபாய். அதுவும் கொடுக்க முடியாதவர்கள் பொருளாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெயர் வெளியே வராது.

இப்போது 12 பேருக்கான முழு சாமான் இருக்கிறது. பொதுவில் வைத்து மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பதால் முதுகுப்பக்கம் ஜிப் வைத்த ஜாக்கெட்டாக வாங்கினோம். பக்கவாட்டு ஜிப் என்றால் வலக்கைக்காரருக்கு வேறு, இடக்கைக்காரருக்கு வேறு வாங்க வேண்டும். நம் பிள்ளைகளில் 3 பேர் இடக்கை. வாளும் அப்படியே, கைவடிவப் பிடியை விட்டு நேர்ப்பிடி வாங்கினோம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

வாள்வீச்சில் ஃபாயில், எப்பே, சேபர் என்று 3 வகை. பவானி தேவி ஆடுவது சேபர், ஆகவே பிள்ளைகள் அதைத்தான் கேட்டார்கள். நாங்கள் ஃபாயிலில் தொடங்கினோம். அது இலகுவானது, அரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. நுனியால் உடற்பகுதியைத் தொட்டால்தான் புள்ளி. ஆகையால் கையை வீசாமல் குறிபார்த்து நீட்டக் கற்றுக்கொள்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நீளம் குறைந்த அலகுகள் (வாளின் உலோகப் பகுதி) உண்டு, அவற்றில் 6 வாங்கினோம். வாள் தொட்டதைக் காட்டும் மின்கருவி வாங்கவில்லை. கருவி வருவதற்கு முன் உலகமே எப்படி ஆடியதோ அப்படி, நடுவர் ஒருவர், பக்கத்துக்கு இருவராக நான்கு பேர் நின்று கண்ணால் பார்த்துச் சொல்கிறார்கள். அந்த நால்வரும் பிள்ளைகளே. அடி பட்டால் பட்டவரே கையைத் தூக்கிச் சொல்லும் பழக்கமும் வந்துவிட்டது. இதைப் பார்க்க நீங்கள் ஒருநாள் மாலை வர வேண்டும்.

பிள்ளைகள் கையில் வாளா என்று பயந்த பெரியவர்களுக்கு: இந்த வாளுக்குக் கூர் கிடையாது, நுனியில் குமிழ் உண்டு. ஆபத்து உடைந்த அலகில் இருக்கிறது. 1982இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் எதிராளியின் வாள் உடைந்து முகக்கவசத்தைத் துளைத்ததால் விளாதிமிர் ஸ்மிர்னோவ் என்ற ஒலிம்பிக் சாம்பியன் உயிரிழந்தார். அதன் பிறகுதான் கவசங்களுக்கும் உடைக்கும் கடுமையான தரம் வந்தது. இதை நினைவில் வைத்துத்தான் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தோம். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வெளியூர் வியாபாரி ஒருவரிடம் பழைய முகக்கவசம் 5 வரவழைத்தோம். பிரித்துப் பார்த்தால் கம்பிவலையில் துரு, இரண்டில் நசுங்கல். திருப்பி அனுப்பிவிட்டோம். போக்குவரத்துச் செலவு 1,200 ரூபாய் நஷ்டம், அதைக் குழுவினரே போட்டுக்கொண்டோம். ஜாக்கெட்டை நம் தையல்காரர்களே தைத்துத் தருகிறோம் என்று அன்போடு முன்வந்தார்கள். அதற்கும் மறுத்துவிட்டோம். சோதித்துத் தரம் குறித்த துணிதான் பிள்ளை உடம்பில் இருக்க வேண்டும். அப்புறம் அதே தையல்காரர்கள்தான் வாள் உறைகளையும், சுவரில் மாட்டிக் குத்திப் பழகும் தேங்காய்நார்த் திண்டுகளையும் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தார்கள். உருக்காலை இருக்கும் ஊரில் வாளை ஏன் வெளியே வாங்க வேண்டும் என்றும் சிலர் கேட்டார்கள். அங்கே உருட்டுவது துருப்பிடிக்காத தகடு. வில்லாக வளைந்து நிமிர வேண்டிய அலகு வேறு வேலை.

சிலம்ப ஆசானுக்கு இந்தக் குழு கடன்பட்டிருக்கிறது. தன் மாணவர்கள் பிரிந்துபோவார்கள் என்று அவர் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே தரையில் சிலம்பம் சொல்லித் தருகிறார். சிலம்பத்தில் சுற்றிச் சுழலும் கால், இங்கே ஒரே கோட்டில் முன்னும் பின்னும் போக வேண்டும். இரண்டும் கற்கும் பிள்ளைகள் முதல் மாதம் தடுமாறினார்கள், இப்போது எதிராளியின் தூரத்தை மற்றவர்களைவிடச் சீக்கிரம் கணிக்கிறார்கள்.

கணக்கு. உறுப்பினர் வசூல் 3,42,000. வெளியூரில் இருக்கும் நம்மவர்கள் அனுப்பியது 1,85,000. ஆடித் திருவிழா நிதி மீதி 60,000. பழைய தறிச் சாமான் விற்றது 38,500. ஆக வரவு 6,25,500 ரூபாய். செலவில், தரைக்கு இரண்டு முறையும் சேர்த்து 1,96,000 (இதில் மறுபடி போட்டதற்கான கூடுதல் செலவு 41,000), கூரை, மின்வேலைக்கு 1,48,500, விளையாட்டுச் சாமான் 2,12,000, கழிப்பறை 31,000, வாள் தாங்கி, அலமாரி மரவேலை 27,400. மொத்தம் 6,14,900. கையிருப்பு 10,600 ரூபாய். பயிற்சியாளருக்கான படித்தொகை மாதக் கட்டணத்திலிருந்து போகிறது. கட்டணத்தில் குறையும் தொகையை இந்த ஆண்டு முழுக்க ஏற்பதாக இரண்டு உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

இன்னும் தேவைப்படுவது மாற்று அலகுகள். அவை தேயும், வளையும், உடையும். கூராக மடிந்த அலகை அன்றே ஒதுக்கிவிடுகிறோம். கையிருப்பு அதற்கே சரியாகிவிடும். மழைக்காலத்தில் அலகுகளை உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் பூச வாரம் ஒருவர் வேண்டும், ஒரு மணி நேர வேலை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூடத்துக் கதவில் தொங்கும் நோட்டில் எழுதலாம். 8 வயது நிரம்பிய பிள்ளைகளை ஆவணி முதல் வாரத்தில் அடுத்த பிரிவில் சேர்க்கிறோம், 12 இடம். ரசீது வாங்காதவர்கள் பயிற்சி நாள் மாலையில் பொருளாளரிடம் வாங்கிக்கொள்ளவும். செலவுச் சீட்டுகளும் கணக்குப் புத்தகமும் அதே மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு