இலவச ஸ்கேனுக்குப் போவதற்கு முன்

அன்புள்ள பாப்பா,

உன் அறைத்தோழிக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, இலவசமாக ஸ்கேன் எடுக்கும் ஒரு மையத்தில் நேரம் வாங்கியிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அவள் போவதற்குள் இதை எடுத்துச் சொல். குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பது அவள் முடிவு. அதைப் பொய்யை நம்பி எடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

நீ இருக்கும் அமெரிக்காவில் கர்ப்ப ஆலோசனை மையம் என்ற பெயரில் நடக்கும் பல இடங்கள் மருத்துவமனையே அல்ல. கருக்கலைப்பைத் தடுப்பதற்காக நடத்தப்படுபவை. உள்ளே வெள்ளைக் கோட்டு போட்டவர் நர்ஸாக இருக்க வேண்டும் என்பதில்லை. சில மையங்கள் உண்மையான கிளினிக்குக்குப் பக்கத்திலேயே, அதே மாதிரிப் பெயரோடு இருக்கும். உரிமம் இல்லாவிட்டால் அதை எழுதி வைக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா 2015-இல் சட்டம் போட்டது. பேச்சுரிமையைக் காரணம் காட்டி 2018-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. ஆகவே பலகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, போன் போட்டுக் கேட்க வேண்டும்: 'கருக்கலைப்பு செய்கிறீர்களா? இல்லையென்றால் செய்யும் இடத்துக்கு அனுப்புவீர்களா? ஸ்கேனைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் டாக்டர் யார்?' பதில் சொல்லாமல் 'நேரில் வாருங்கள், பேசலாம்' என்று மழுப்பினால் போக வேண்டாம்.

அவர்கள் பறிப்பது நாட்களை. முதல் நாள் சிறுநீர்ப் பரிசோதனை. அது மருந்துக்கடையில் கிடைக்கும் அதே பட்டைதான். ஸ்கேன் அடுத்த வாரம். அதில் சரியாகத் தெரியவில்லை, மறுபடியும் வா. 'அவசரமே இல்லை, தானாகக்கூடக் கலைந்துவிடலாம்.' அவசரம் உண்டு. கர்ப்பத்தின் வாரங்களைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். 28 நாள் சுழற்சி உள்ளவளுக்கு ஒரு வாரம் தள்ளினாலே 5 வாரம் ஆகிவிட்டது. கருக்கலைப்பு அரசியலமைப்பு உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்புச் சொன்ன பிறகு மாநிலத்துக்கு மாநிலம் கெடு வேறு. டெக்சாஸில் ஏறக்குறைய முழுத் தடை. ஃபுளோரிடா, ஜார்ஜியாவில் சுமார் 6 வாரம்தான். கருக்கலைப்புக்கு முதலில் தரும் மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரைக்கு அந்நாட்டு மருந்துத் துறை தந்திருக்கும் அனுமதியே 10 வாரம், அதாவது 70 நாள் வரைதான். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து அவளே காலண்டரில் எண்ணிக்கொள்ளட்டும். அவர்கள் சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம்.

கருக்கலைப்பால் மார்பகப் புற்றுநோய் வரும் என்பார்கள். அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2003-இல் நிபுணர்களைக் கூட்டி ஆராய்ந்து, தொடர்பு இல்லை என்று முடிவு சொல்லிவிட்டது. அந்த முதல் மாத்திரை போட்டபின் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கொடுத்துக் கருக்கலைப்பைத் 'திருப்பிவிடலாம்' என்பது இன்னும் மோசம். அதைச் சோதித்த ஓர் ஆய்வில் 12 பெண்கள் சேர்ந்த நிலையிலேயே 3 பேருக்குக் கடுமையான ரத்தப்போக்கு ஏற்பட்டு, 2019-இல் ஆய்வை நிறுத்தினார்கள்.

முகவரி, துணைவரின் விவரம், மாதவிலக்குத் தேதி எல்லாம் கேட்டு ஒரு படிவம் நீட்டுவார்கள். காப்பீட்டுக்குக் கணக்கு அனுப்பாத இலவச மையங்களைப் பொதுவாக மருத்துவ ரகசியச் சட்டம் கட்டுப்படுத்தாது, 'ரகசியம் காக்கப்படும்' என்று அச்சிட்டிருந்தாலும். நிரப்ப வேண்டாம். பரிசோதனைக்கு மாவட்டப் பொதுச் சுகாதார அலுவலகம், பல்கலைக்கழக மருத்துவ மையம், உரிமம் பெற்ற மகப்பேறு மருத்துவர், இவற்றில் ஒன்று போதும்.

கடைசியாக, உயிருக்கே ஆபத்தானது. பட்டையில் இரண்டு கோடு வந்தால் கர்ப்பம் என்று தெரியும், கரு எங்கே இருக்கிறது என்று தெரியாது. நூற்றில் ஒன்றிரண்டு கர்ப்பங்கள் கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடும். படம் காட்டி மனதை மாற்றுவதற்காக எடுக்கும் ஸ்கேனில் இதைத் தவறவிட வாய்ப்பு அதிகம். அடிவயிற்றில் ஒரு பக்க வலி, ரத்தக்கசிவு, தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி, இவற்றில் எது வந்தாலும் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போ. கையில் காசோ காப்பீடோ இல்லாவிட்டாலும் 1986-இல் வந்த அவசர சிகிச்சைச் சட்டப்படி அவர்கள் பரிசோதித்தே ஆக வேண்டும். 'கர்ப்பம் உறுதி, கரு கருப்பைக்குள் இருக்கிறதா என்று எந்த டாக்டரும் இன்னும் பார்க்கவில்லை' என்று உள்ளே நுழைந்ததும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அம்மா