இடிக்கப்பட்டது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கட்டடங்களை இடிக்காமல் வேறு பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, லண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தை முன்மாதிரியாகக் காட்டியிருந்தது. அக்கட்டடம் முன்பு பெத்லம் மனநல மருத்துவமனையாக இருந்ததை ஒரே வரியில் கடந்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

1247-இல் கிறித்துவ மடமாகத் தொடங்கிய பெத்லம், பல இடங்கள் மாறி, 1815-இல்தான் சதர்க் பகுதியிலுள்ள இக்கட்டடத்துக்கு வந்தது. இன்று நாம் படங்களில் காணும் தூண்களும் குவிமாடமும் அதன் நடுப்பகுதி மட்டுமே. குவிமாடத்தின் கீழே இருந்தது வழிபாட்டுக்கூடம். நோயாளிகள் வாழ்ந்ததோ இருபுறமும் நீண்டு சென்ற கூடங்களில். 1930-இல் மருத்துவமனை லண்டனின் புறநகரான பெக்கனம் அருகே இடம்பெயர்ந்தபின், பத்திரிகை அதிபர் ராதர்மியர் பிரபு அந்த இடத்தை வாங்கித் தம் தாயின் நினைவாகப் பூங்கா அமைக்கக் கொடுத்தார். நோயாளிகளின் கூடங்கள் இடிக்கப்பட்டன; எஞ்சிய நடுப்பகுதியில் 1936-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. முகப்பில் இப்போது போர்க்கப்பல்களின் 15 அங்குலப் பீரங்கிகள் இரண்டு நிற்கின்றன. முகப்பைக் காத்து உள்ளிருந்தவர்களின் இடத்தை அகற்றியதை முழுமையான பாதுகாப்பு என்று என்னால் ஏற்க இயலவில்லை.

வழக்கறிஞன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் பிரதமர் பீலின் செயலாளர் டிரம்மண்டை 1843-இல் சுட்டுக் கொன்ற மக்நாட்டன், சித்தசுவாதீனம் இல்லாதவர் என விடுவிக்கப்பட்டு, 1864-இல் பிராட்மூர் மனநலக் காப்பகத்துக்கு மாற்றப்படும்வரை இம்மருத்துவமனையில்தான் அடைக்கப்பட்டிருந்தார். சித்தசுவாதீனம் இல்லாதவரின் குற்றப் பொறுப்பு குறித்து அவ்வழக்கையொட்டி வகுக்கப்பட்ட விதிகளின் சாயலைத்தான் முந்தைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவிலும், இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆவது பிரிவிலும் காண்கிறோம். நம் நீதிமன்றங்களில் அவர் பெயரைச் சொல்லி வாதாடுகிறோமே தவிர, விடுதலையானவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் எங்கே பூட்டி வைக்கப்பட்டார் என்று நாங்கள் கேட்பதில்லை. ஓவியர் ரிச்சர்ட் டாட்டும் தந்தையைக் கொன்றபின் அக்காலத்தில் அங்கேயே இருந்து வரைந்தவர். அவருடைய ஓவியம் இன்று டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெத்லத்தின் பழைய வாயிலில் இருந்த, சிற்பி சிபரின் கற்சிலைகள் இரண்டும் பெக்கனத்தில், மருத்துவமனை வளாகத்து அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே அம்மருத்துவமனையின் கதையை அறிய விரும்புவோர் போக வேண்டிய இடம் சதர்க் அன்று. இனி மறுபயன்பாடு குறித்துக் கட்டுரை வெளியிடும்போது, கட்டடத்தில் எந்தப் பகுதி எஞ்சியது, எது இடிக்கப்பட்டது என்பதையும் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் (வழக்கறிஞர்),
மதுரை